கரூரிலிருந்து பிராங்க்பர்ட்டுக்கு 24 பேர்: ஒரு குரூப் ஃபைலுக்குள் இருக்கும் வேலைகள்

பொங்கல் நோம்பிக்கு ஊரே வீடு திரும்பும் வாரத்தில் கரூரிலிருந்து ஒரு கூட்டம் எதிர்த்திசையில் கிளம்பும். ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும் ஹெய்ம்டெக்ஸ்டில் வீட்டு ஜவுளிக் கண்காட்சிக்குப் போகிறவர்கள் அவர்கள். படுக்கை விரிப்பு, திரைச்சீலை, மேசை விரிப்பு, சமையலறைத் துணி என்று ஏற்றுமதி செய்யும் ஊருக்கு ஆண்டு ஆர்டரில் பெரும்பங்கு முடிவாகும் இடம் அதுதான். 2026-இல் கண்காட்சி ஜனவரி 13 முதல் 16 வரை, செவ்வாய் தொடங்கி வெள்ளி வரை நடந்தது.

பயணத் துறையில் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டால் விமானப் பணிப்பெண், விமான நிலைய கவுண்டர், சுற்றுலா வழிகாட்டி என்ற மூன்றைத்தான் விளம்பரங்கள் காட்டும். கொங்கு நாட்டில் இந்தத் துறையில் சம்பளம் வாங்குகிறவர்களில் பலர் அந்த மூன்றிலும் இல்லை. திருப்பூர் பனியன், கரூர் ஜவுளி, கோவை பம்ப்செட், ஈரோட்டு மஞ்சள், நாமக்கல் முட்டை என்று வியாபாரத்துக்காக ஊர் தாண்டுகிறவர்களின் பயணத்தை நடத்திக்கொடுக்கும் அலுவலகங்களில் இருக்கிறார்கள். அந்த அலுவலகத்துக்குள் யார் என்ன செய்கிறார், எந்த நாற்காலியிலிருந்து எந்த நாற்காலிக்கு நகர முடியும் என்பதைப் பார்க்க ஒரு கூட்டத்தின் பயணக் காகிதங்கள் எல்லாம் சேரும் குரூப் ஃபைலை முதலிலிருந்து கடைசிவரை புரட்டுவதே நல்ல வழி. இங்கே வரும் ஃபைல் ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தினுடையது அல்ல. இந்த வகை ஃபைல்கள் ஓடும் பொது நடைமுறையை வைத்து அமைத்த மாதிரி: 24 பேர், ஜனவரி 11 ஞாயிறு புறப்பாடு, 18 ஞாயிறு அங்கிருந்து கிளம்பி 19 திங்கள் ஊர் சேர வேண்டும்.

பாஸ்போர்ட் நகலைப் பார்க்கிறவர்

புதிதாகச் சேர்ந்தவருக்கு முதலில் கிடைப்பது இந்த வேலைதான். வாட்ஸ்அப்பில் வரும் 24 பாஸ்போர்ட் படங்களை வாங்கி, எக்செல்லில் பெயர், எண், பிறந்த தேதி, காலாவதி தேதி ஏற்றுவது. தட்டச்சு வேலை போலத் தெரியும். ஆனால் இந்த ஃபைலில் பின்னால் வெடிக்கப்போகும் பிரச்சினைகளில் பாதிக்கு மேல் இந்த மேசையிலேயே பிடிபட வேண்டியவை.

முதலாவது, பெயர். நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான் உண்டு. அதனால் பாஸ்போர்ட்டில் மூன்று விதமாக வந்து நிற்கும். சிலருக்குக் குடும்பப் பெயர் கட்டம் காலியாக, இயற்பெயர் கட்டத்தில் ஒரே சொல். சிலருக்கு அதே காலிக் கட்டத்தோடு, தன் பெயரும் அப்பா பெயரும் இயற்பெயர் கட்டத்திலேயே சேர்ந்து. சிலருக்கு அப்பா பெயர் குடும்பப் பெயராக. ஊரில் எல்லோரும் கூப்பிடும் பெயரை நம்பி டிக்கெட் போட்டால் மூன்றில் இரண்டு பேருக்குத் தப்பாகும். அனுபவப்பட்டவர்கள் மேல்பகுதிக் கட்டங்களைக்கூட முழுதாக நம்புவதில்லை. படம் உள்ள பக்கத்தின் அடியில் 44 எழுத்து வீதம் இரண்டு வரி இருக்கும்; கருவி படிப்பது அதைத்தான். டிக்கெட், விசா விண்ணப்பம், காப்பீடு மூன்றிலும் பெயர் அந்த வரியோடு ஒத்துப்போக வேண்டும். ஒற்றைப் பெயர்க்காரருக்கு டிக்கெட்டில் அதை எப்படி ஏற்றுவது என்பதில் விமான நிறுவனத்துக்கு நிறுவனம் வழக்கம் வேறு. ஒன்று பெயரை இருமுறை போடச் சொல்லும், இன்னொன்று வேறு குறியீடு கேட்கும். கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி ஃபைலில் வைப்பதுதான் முறை.

2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு வருகை விசாவில் வருகிறவர்களை ஏற்க மாட்டோம் என்றது. கடைசிப் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்போம் என்ற விளக்கம் பிறகு வந்தது. இடைப்பட்ட நாட்களில் துபாய் டிக்கெட் எடுத்தவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது இந்த மேசைதான்.

இரண்டாவது தேதிகள். ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு, அந்த நாடுகளை விட்டுக் கிளம்பும் நாளிலிருந்து குறைந்தது 3 மாதம் பாஸ்போர்ட் செல்ல வேண்டும். கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். 2 பக்கம் காலியாக இருக்க வேண்டும். அடிக்கடி சீனாவுக்கும் துபாய்க்கும் போகிறவரின் புத்தகத்தில் அந்த இரண்டு பக்கம்தான் கிடைக்காது. முன்பக்கப் படத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டால் இது தெரியவே தெரியாது. முழுப் புத்தகத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். புதுப்பிக்க வேண்டியிருந்தால் கரூர்க்காரருக்குத் திருச்சி பாஸ்போர்ட் அலுவலகம், திருப்பூர், ஈரோட்டுக்காரர்களுக்குக் கோவை. இதை அக்டோபருக்குள் கண்டுபிடித்தால் தலைவலியோடு போகும். டிசம்பரில் கண்டுபிடித்தால் அந்த ஆளை ஃபைலிலிருந்தே எடுக்க வேண்டியதுதான்.

இந்த மேசையில் ஆறு மாதம் உட்கார்ந்தவர், அடுத்தவர் கண்ணில் படாத ஒன்றைப் பாஸ்போர்ட்டைப் புரட்டிய உடனே சொல்கிறாரா என்று மேலாளர் பார்ப்பார். சொன்னால் விசா மேசை. சொல்லாவிட்டால் அதே எக்செல்.

விசா மேசை

கொங்குப் பகுதி அலுவலகங்களில் மிக மதிப்புள்ள நாற்காலி இது. டிக்கெட்டைக் கைபேசியிலேயே யாரும் எடுத்துக்கொள்ளலாம். மறுக்கப்படாத விசா ஃபைலைக் கட்டத் தெரிந்தவர் குறைவு.

விண்ணப்பத்தைப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து கொடுக்கலாம். கடைசி எல்லை 15 நாள். முடிவு வழக்கமாக 15 நாளில். சந்தேகம் வந்தால் 45 நாள் வரை இழுக்கலாம். எனவே ஜனவரி 11 புறப்பாட்டுக்குப் பின்னோக்கி எண்ணினால், நவம்பர் நடுவுக்குள் 24 பேரும் விரல்ரேகை கொடுத்து முடித்திருக்க வேண்டும். 59 மாதத்துக்குள் ஏற்கெனவே கொடுத்தவர் ரேகையை மறுபடி கொடுக்க வேண்டியதில்லை. கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ. 2024 ஜூனுக்கு முன் 80 ஆக இருந்தது. மறுத்தாலும் திரும்பாது.

காகிதங்கள் வழக்கமானவைதான்: கண்காட்சி நுழைவுச் சீட்டு அல்லது அரங்கு உறுதிக் கடிதம், நிறுவனத்தின் ஜிஎஸ்டி பதிவு, ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டுச் சான்று, வருமான வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு அறிக்கை, விடுதிப் பதிவு, விமானப் பதிவு, 35-க்கு 45 மில்லிமீட்டர் படம், குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு, செலவை யார் ஏற்கிறார் என்று சொல்லும் கடிதம். திறமை இவற்றைச் சேர்ப்பதில் இல்லை. ஒன்றோடொன்று முரண்படாமல் வைப்பதில் இருக்கிறது. கடிதத்தில் 7 இரவு, விடுதிப் பதிவில் 6 இரவு, காப்பீட்டில் 8 நாள் என்று இருந்தால் ஒவ்வொன்றும் தனியே சரியாகவும் சேர்த்துப் பார்த்தால் பொய்யாகவும் தெரியும். தொழில் பங்குதாரராகப் போகிறவருக்குப் பங்குதாரர் ஒப்பந்த நகல் வேண்டும். அதே நிறுவனத்தில் ஆர்டர்களைக் கவனிக்கும் ஊழியரான மெர்ச்சண்டைசருக்குச் சம்பளச் சீட்டும் விடுப்புக் கடிதமும் வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே உறையைத் தயாரித்தால் ஒருவருக்கு மறுப்பு வரும். வங்கிக் கணக்கில் விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் திடீரென விழுந்த பெருந்தொகையும் அப்படித்தான். அது எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி விளக்கம் இல்லாவிட்டால், இருப்பு அதிகம் காட்டியதே கெடுதலாக முடியும்.

எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது என்பதிலும் தவறு நடக்கும். "கண்காட்சி நாலு நாள், பாரிஸ் நாலு நாள் போட்றலாமுங்களா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்பார். பயணத்தின் முதன்மை நோக்கமோ அதிக நாள் தங்குமிடமோ எந்த நாடோ, அந்த நாட்டில்தான் விண்ணப்பம். கண்காட்சியை நோக்கமாகக் காட்டிவிட்டு ஊர்சுற்றலை அதைவிட நீட்டினால் ஃபைல் தன்னையே கேள்வி கேட்கும்.

இன்னொன்று, ஏற்றுமதிக்காரரின் பாஸ்போர்ட் சும்மா இருக்காது. நவம்பரில் புத்தகம் தூதரகத்தில் இருக்கும்போது, "தம்பி, பாஸ்போர்ட்ட ரெண்டு நாளைக்கு வாங்கிக் குடுங்க, துபாய் வரைக்கும் போயிட்டு வந்தர்றனுங்க" என்று போன் வரும். கொடுக்க முடியாது. அக்டோபர், நவம்பரில் வேறு பயணம் உண்டா என்று முதல் நாளே கேட்டு, உள்ளவர்களின் விண்ணப்பத்தை முன்னதாகத் தள்ளிவிடுவதே விசா மேசைக்காரரின் வேலை.

2024 ஏப்ரலில் இந்தியர்களுக்கு ஒரு மாற்றம் வந்தது. கடந்த 3 ஆண்டில் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியவர் 2 ஆண்டு பலமுறை நுழைவு விசாவுக்குத் தகுதி பெறலாம். அதன்பின் பாஸ்போர்ட் செல்லுபடியைப் பொறுத்து 5 ஆண்டு. ஒவ்வொரு ஜனவரியும் போகிற கரூர்க்காரருக்கு இது நேரடி லாபம். பழைய விசா நகல்களை விண்ணப்பத்தோடு வைத்து இதைக் குறிப்பிட்டுக் கேட்கிற அலுவலகத்தை வாடிக்கையாளர் விடமாட்டார்.

போலி வங்கி அறிக்கை, எடுத்த மறுநாள் ரத்து செய்யும் விடுதிப் பதிவு போன்றவற்றை முதலாளியே செய்யச் சொன்னாலும் இந்த மேசையில் இருப்பவர் மறுக்க வேண்டும். விண்ணப்பக் கோப்பில் கைபட்டவர் பெயர் நிற்கும். வருகை விசாவில் ஆட்களை வேலைக்கு அனுப்புவது அதைவிட மோசம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற முகவர் வேண்டும். டிராவல்ஸ் பலகை அந்தப் பதிவு ஆகாது. சேரும் அலுவலகம் 'ஜாப் விசா' என்று சுவரில் எழுதியிருந்தால் பதிவு எண்ணைக் கேட்டுவிட்டு உட்காரலாம்.

டிக்கெட் மேசை

அமேடியஸ், கலிலியோ, சேபர் மூன்றும் முன்பதிவுக் கணினி அமைப்புகள். பயிற்சி நிலையங்களில் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் முதல் இரண்டை. ஒரு பதிவு முழுமை பெற ஐந்து கூறு வேண்டும்: பெயர், பயணப் பாதை, தொடர்பு எண், டிக்கெட் எடுக்கும் கெடு, பதிவைக் கேட்டவர் யார் என்ற குறிப்பு. ஐந்தும் சேர்ந்து மூடினால்தான் 6 எழுத்துக் குறியீடு கிடைக்கும். கட்டளைகளை ஒரு மாதத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். கட்டண விதிப் பக்கத்தைப் படித்துப் புரிந்துகொள்ள ஒரு வருடம் ஆகும். சம்பள வித்தியாசம் அந்த ஒரு வருடத்தில்தான் இருக்கிறது.

இந்த ஃபைலில் முதல் முடிவு பாதை. கோவையிலிருந்து ஐரோப்பாவுக்கு நேரடி விமானம் இல்லை. கரூருக்குத் திருச்சி விமான நிலையம் கோவையைவிட அருகில் என்றாலும் அங்கிருந்தும் இல்லை. டெல்லி வழியாகப் போகலாம். ஆனால் ஜனவரியில் டெல்லி மூடுபனி. உள்நாட்டு விமானம் மூன்று மணி நேரம் தாமதமானால் 24 பேரும் பிராங்க்பர்ட் விமானத்தை விடுவார்கள். மும்பை வழியோ, சாலையில் சென்னை அல்லது பெங்களூரு போய் அங்கிருந்து நேராகவோ போவது பாதுகாப்பு. மும்பை வழி என்றால் கோவை–மும்பையும் மும்பை–பிராங்க்பர்ட்டும் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும். தனித்தனியாக எடுத்தால் ஆளுக்குச் சில ஆயிரம் மிச்சமாகும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை, பெட்டியையும் மும்பையில் எடுத்து மறுபடி போட வேண்டும். துணி சாம்பிளோடு ஆளுக்கு இரண்டு பெட்டி இருக்கும்போது அந்த மிச்சம் மிச்சமே அல்ல.

10 பேரோ அதற்கு மேலோ போனால் குரூப் கட்டணம். விமான நிறுவனத்தின் குரூப் பிரிவுக்குக் கேட்டு எழுதி, விலை வாங்கி, முன்பணம் கட்டி இடத்தைப் பிடிக்க வேண்டும். பெயர்ப் பட்டியல் கெடு, டிக்கெட் கெடு, எத்தனை இடம் வரை அபராதமின்றிக் குறைக்கலாம் என்ற மூன்று தேதியும் ஒப்பந்தத்தில் இருக்கும். விசா முடிவு வருமுன் டிக்கெட் கெடு வந்துவிடுவதே பெரிய ஆபத்து. ஒப்பந்தம் கையெழுத்தாகுமுன் இரண்டு தேதியையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்கிறவர் நல்ல டிக்கெட்காரர். 24-இல் ஒருவருக்கு விசா வராவிட்டால் அவரைக் குரூப் பதிவிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். தவறாகப் பிரித்தால் மிச்சம் 23 பேரின் இருக்கைகளும் ஆடும்.

டிக்கெட் எடுத்தபின் எழுத்துப்பிழை தெரிந்தால் அதே நாள் நள்ளிரவுக்குள் ரத்து செய்து புதிதாக எடுக்கலாம். மறுநாள் ஆகிவிட்டால் கட்டணம் விழலாம். எனவே சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் குரூப் டிக்கெட் போடுவதைக் கெட்டிக்காரர்கள் தவிர்ப்பார்கள்; சரிபார்க்க ஆள் வேண்டுமே. தப்பான கட்டண விதியில் எடுத்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து விமான நிறுவனத்திலிருந்து பற்றுச் சீட்டு வரும். அதை 'ஏடிஎம்' (ஏஜென்சி டெபிட் மெமோ) என்பார்கள். பணம் தரும் இயந்திரம் அல்ல, பிடுங்கும் சீட்டு. ஒரு மேசையிலிருந்து வருடத்தில் எத்தனை ஏடிஎம் வந்தது என்பதே அந்த மேசைக்காரரின் மதிப்பெண் பட்டியல்.

உணவுக் குறியீட்டில் ஒரு வேடிக்கை உண்டு. 'இந்து மீல்' என்ற பெயரைப் பார்த்து 24 பேருக்கும் அதைப் போட்டுவிட்டால், வெள்ளிக்கிழமை விரதக்காரர் முன்னால் கோழி வந்து நிற்கும். அது மாட்டிறைச்சி இல்லாத அசைவ உணவு. நம் ஆட்கள் கேட்கும் சைவத்துக்கு 'ஏசியன் வெஜ்' வேறு குறியீடு. புறப்பாட்டுக்குக் குறைந்தது ஒரு நாள் முன் பதிவில் ஏறியிருக்க வேண்டும்.

கூட்டத்தோடு போகிறவர்

டூர் மேனேஜர் வேலையை வெளியிலிருந்து பார்த்தால் காசு கொடுக்காமல் ஊர் சுற்றுவது. உண்மையில் நாளுக்கு 16 மணி நேரம் அடுத்தவர் பெட்டியையும் வயிற்றையும் பார்ப்பது. பொங்கலுக்கு வீட்டில் இருக்க முடியாது என்பதைச் சேரும்போதே ஒத்துக்கொள்ள வேண்டும்.

கண்காட்சி வாரத்தில் பிராங்க்பர்ட் விடுதி விலை எகிறும். அதனால் மைன்ஸ், வீஸ்பாடன், டார்ம்ஸ்டாட், ஒஃபன்பாக் போன்ற பக்கத்து ஊர்களில் அறை எடுப்பார்கள். காலையில் எஸ்-பான் ரயிலில் பிராங்க்பர்ட் வந்து, தேவைப்பட்டால் முதன்மை நிலையத்தில் மாறி, கண்காட்சி வளாகத்து மெஸ்ஸே நிலையத்தில் இறங்குவது. முதல் நாள் கூட்டத்தோடு போய்க் காட்டிவிட்டால் மறுநாளிலிருந்து அவர்களே போவார்கள். பேருந்து வைத்தால் வேறு சிக்கல். ஐரோப்பிய விதிப்படி ஓட்டுநர் நாளுக்கு 9 மணி நேரமே ஓட்டலாம், வாரத்தில் இருமுறை மட்டும் 10. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு கட்டாயம். அவர் பணியில் இருக்கும் மொத்த நேரத்துக்கும் எல்லை உண்டு. காலையில் கூட்டம் முக்கால் மணி நேரம் தாமதமானால், இரவுச் சாப்பாட்டுக் கடையிலிருந்து விடுதிக்கு அழைத்துப்போக ஓட்டுநர் மறுப்பார். நம்மூர் வண்டிக்காரரிடம் "ஒரு நூறு சேர்த்து வாங்கிக்கங்ணா" என்று முடிப்பது போல அங்கே முடியாது. ஓட்டும் நேரத்தைப் பதியும் டாகோகிராஃப் கருவியின் அட்டை எல்லாவற்றையும் பதிந்துவைத்திருக்கும்.

2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லையில் புதிய நுழைவு–வெளியேற்றப் பதிவு முறை படிப்படியாக வந்தது. முதல் நுழைவில் முகப்படமும் விரல்ரேகையும் எடுப்பதால் வரிசை நீளும். 24 பேர் எல்லையைக் கடக்க முன்பு வைத்த நேரத்தை இப்போது வைத்தால் பேருந்து காத்திருப்புக் கட்டணம் ஏறும்.

ஞாயிறன்று ஜெர்மனியில் கடைகள் மூடியிருக்கும். இந்த ஃபைலில் ஊர் திரும்பும் நாள் ஞாயிறு. சாமான் வாங்குவது சனிக்கிழமையே முடிய வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் தடித்த எழுத்தில் போடாத டூர் மேனேஜரை ஊரில் வீட்டம்மாக்கள் மன்னிப்பதில்லை.

பாஸ்போர்ட் தொலைந்தால் வரிசை இது: காவல் நிலையப் புகார்ச் சீட்டு, பிராங்க்பர்ட்டிலுள்ள இந்தியத் துணைத் தூதரகம், அவசரச் சான்று. நாடு திரும்ப மட்டும் அது செல்லும். எல்லோருடைய பாஸ்போர்ட், விசா நகல்களும் டூர் மேனேஜரின் கைபேசியில் இணையம் இல்லாமலே திறக்கும்படி இருந்தால் ஒரு நாள் மிச்சம். உடல்நலக் குறைவு வந்தால் மருத்துவமனைக்குக் கிளம்பும்போதே காப்பீட்டு உதவி எண்ணுக்குச் சொல்லி வழக்கு எண் வாங்க வேண்டும். பிறகு சொன்னால் பணம் திரும்புவதில் இழுபறி.

அலுவலகத்தில் ஆப்பரேஷன்ஸ் பார்த்து, விடுதி, பேருந்து, சாப்பாட்டுக் கடையோடு மின்னஞ்சலில் மல்லுக்கட்டிய பிறகே பெரும்பாலோர் டூர் மேனேஜர் ஆகிறார்கள். நாள் பேட்டாவில் சீசனுக்கு மட்டும் போகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு ஏப்ரல்–ஜூன் கை நிறையும். ஆகஸ்ட்டில் வேலை இருக்காது. சீனாவின் குவாங்சோவில் ஏப்ரல்–மேயிலும் அக்டோபர்–நவம்பரிலும் நடக்கும் கேண்டன் கண்காட்சியைப் பிடித்துக்கொண்டால் அந்த இடைவெளி கொஞ்சம் அடையும்.

கணக்கு மேசை

யாரும் ஆசைப்பட்டு வராத, ஆனால் பி.காம் படித்தவருக்கு நேராகத் திறக்கும் கதவு. ஏற்றுமதி நிறுவனம் டிக்கெட்டுக்குக் கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க வேண்டுமென்றால், டிக்கெட் எடுக்கும்போதே நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண் பதிவில் ஏறியிருக்க வேண்டும். எடுத்தபின் ஏற்றச் சொல்லி விமான நிறுவனத்தோடு போராடுவது வீண்.

டிக்கெட் மட்டும், அல்லது விடுதி மட்டும் விற்றால் அது பேக்கேஜ் ஆகாது. இரண்டும் சேர்ந்தால் வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பு. அப்போது வருமான வரிச் சட்டப்படி முன்கூட்டி வரி வசூலிக்க வேண்டும். 2023 அக்டோபர் முதல் 7 லட்சம் ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 20. 2025 ஏப்ரலில் அந்த வரம்பு 10 லட்சமானது. 2026 ஏப்ரல் முதல் வரம்பு இல்லாமல் 2 சதவீதம். பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும் எண் இது. பிப்ரவரி முதல் தேதி கணக்கு மேசை தொலைக்காட்சி முன்னால் இருக்கும். வாடிக்கையாளர் "எதுக்குங்க ரெண்டு பர்சென்ட் அதிகம்?" என்று கேட்பார். அது செலவு அல்ல, அவர் வரிக் கணக்கில் வரவு காட்டித் திரும்ப எடுக்கலாம் என்று பொறுமையாகச் சொல்லத் தெரிய வேண்டும்.

லாபக் கணக்கு எவ்வளவு மெல்லியது என்பதை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். ஆளுக்கு 6,000 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால் 24 பேருக்கு 1,44,000. ஒரு பெயர்ப்பிழையால் ஒருவருக்குக் கடைசி நேரத்தில் 80,000 ரூபாய்க்குப் புது டிக்கெட் எடுக்க நேர்ந்தால் பாதிக்கு மேல் போயிற்று. நான்கு மாதம் நாலு பேர் உழைத்த ஃபைல் அது. பாஸ்போர்ட் மேசைப் பையனுக்கு எதற்குச் சம்பளம் உயர்த்த வேண்டும் என்று கேட்கும் முதலாளிக்கு இந்தக் கணக்கைக் காட்டலாம்.

மலைக்கு வரும் கூட்டம்

வெளியே போகும் பயணத்துக்கு எதிர்ப்பக்கம், நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் வருகிறவர்கள். இங்கே மேசை வேலை குறைவு, வண்டி வேலை அதிகம்.

2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் நீலகிரிக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 ஏப்ரலில் வந்த சீசன் கட்டுப்பாட்டின்படி வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. விடுதிப் பதிவை முடித்துவிட்டு இ-பாஸை மறந்த அலுவலகத்தின் வண்டி மலையடிச் சோதனைச் சாவடியில் நிற்கும். உள்ளே இருக்கிற குடும்பம் போன் செய்யும். மலை ரயிலும் இப்படித்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர், 16 சுரங்கம், 250 பாலம். 2005-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இருக்கையோ கொஞ்சம்தான். ரயில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்னால் திறக்கிறது (2024 நவம்பருக்கு முன் 120). அந்த 60-ஆம் நாள் காலையில் கணினி முன் உட்காருகிறவர் வேண்டும். சொந்த ஐஆர்சிடிசி கணக்கில் அடுத்தவருக்கு டிக்கெட் எடுத்து விற்பது ரயில்வே சட்டம் 143-ஆம் பிரிவின்படி குற்றம், 3 ஆண்டு வரை சிறை. முகவர் கணக்கு வேறு, சொந்தக் கணக்கு வேறு என்பதை முதல் நாளே புதியவருக்குச் சொல்ல வேண்டும்.

ஓட்டுநர் வேலையை இந்தத் துறையின் கடைசிப் படி என்று நினைப்பவர்கள் கொங்கு நாட்டைப் பார்க்காதவர்கள். லாரியும் போர்வெல் ரிக்கும் வைத்து எழுந்த நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஊர்களின் பழக்கம் இதிலும் உண்டு: முதலில் சம்பளத்துக்கு ஓட்டுவது, பிறகு பழைய டெம்போ டிராவலர் ஒன்று, பிறகு ஃபைனான்ஸில் இன்னொன்று. 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வண்டியை இலகு ரக உரிமத்திலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னதை 2024 நவம்பரில் மறுபடி உறுதி செய்தது. ஆனால் உரிமம் மட்டும் போதாது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70, திம்பத்துக்கு 27. இறக்கத்தில் எந்த கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்குவது, பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்து சூடேற்றாமல் இருப்பது, ஏறும் வண்டிக்கு வழிவிடுவது. இதைச் செய்கிறவரைக் குடும்பங்கள் பெயர் சொல்லிக் கேட்டு அழைக்கும்.

ட்ரிப் ஷீட் எழுதுவதில்தான் பலர் தவறுகிறார்கள். கிளம்பும் கிலோமீட்டர், முடியும் கிலோமீட்டர், நாள் குறைந்தபட்சம் (வெளியூர் வாடகைக்கு 250 கிலோமீட்டர் என்பது பல இடங்களில் வழக்கம்), டோல், பர்மிட், பேட்டா எல்லாம் கிளம்பும்போதே வாடிக்கையாளர் பார்க்க எழுதியிருந்தால் இறங்கும்போது வாய்த்தகராறு இல்லை. வாளையாறு தாண்டிக் கேரளம் போகும் வண்டிக்கு அகில இந்தியச் சுற்றுலா பர்மிட் இருக்கிறதா, இல்லையென்றால் அந்த மாநில வரி கட்டியாயிற்றா என்பதை முந்தின நாள் இரவே பார்க்க வேண்டும்.

உள்ளே வருவது எப்படி

பட்டம் கட்டாயம் இல்லை. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான அயாட்டாவின் அடிப்படைப் பயண டிப்ளமோவுக்கு எங்கும் மதிப்பு உண்டு. பயிற்சி நிலையத்தில் பணம் கட்டுமுன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: முன்பதிவு அமைப்பின் பயிற்சித் தளத்தில் நானே கை வைத்துத் தட்டும் நேரம் எத்தனை மணி? புரொஜெக்டரில் காட்டுவது கணக்கில் சேராது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழுள்ள ஐஐடிடிஎம் நிறுவனத்தில் இளநிலை, முதுநிலைப் படிப்புகள் உண்டு. நமக்கு அருகில் நெல்லூர் வளாகம். வழிகாட்டியாக விரும்புகிறவருக்கு அமைச்சகமே இணைய வழியில் நடத்தும் சுற்றுலா உதவியாளர் சான்றிதழ் இருக்கிறது. 'ஏர்போர்ட்டில் உறுதியான வேலை, முன்பணம் இவ்வளவு' என்று வரும் குறுஞ்செய்தியை அழித்துவிடலாம். வேலை தர விமான நிறுவனங்கள் பணம் கேட்பதில்லை.

தனி அலுவலகம் தொடங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் டிக்கெட் மேசையிலிருந்து கிளம்புகிறார்கள். தொடங்குவது எளிது, மொத்த விற்பனைத் தளம் ஒன்றில் வைப்புத்தொகை கட்டி, அவர்கள் தரும் கட்டணத்தின்மேல் சேவைக் கட்டணம் வைத்து விற்கலாம், அயாட்டா அங்கீகாரம் தேவையில்லை. சிரமம் கடனில் வருகிறது. தளத்துக்கு முன்பணம், திருப்பூர், கரூர் நிறுவனங்களோ ஷிப்மென்ட் பணம் வந்தபின்தான் தரும் பழக்கம் உள்ளவை. 45 நாள், சிலபோது 60. பத்து நல்ல வாடிக்கையாளர் சேர்ந்த மாதத்தில்தான் புதிய அலுவலகங்கள் மூச்சுத் திணறுகின்றன. வியாபாரம் குறைந்ததால் அல்ல, கூடியதால். விசா மேசையிலிருந்து கிளம்பியவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, ஏனெனில் விசாக் கட்டணத்தை யாரும் கடன் சொல்வதில்லை. பணம் வந்தபின்தான் விண்ணப்பம் போகும்.

கரூர் ஃபைலுக்கு வந்தால், ஜனவரி 19 திங்கள் கூட்டம் ஊர் சேரும். பிப்ரவரி முதல் வாரத்தில் கணக்கு மூடி, ரீஃபண்ட் வர வேண்டியவை தனிப் பட்டியலாகும். அதே வாரம் ஆப்பரேஷன்ஸ் மேசையிலிருந்து மைன்ஸ் விடுதிக்கு ஒரு மின்னஞ்சல் போகும்: அடுத்த ஜனவரிக்கு 13 இரட்டை அறை, பெயர்கள் பிறகு.